60 மடங்கில் குண்டுத் துளை தெரியவில்லை, ஸ்கோப்பில் கோளாறா?

டெக்சாஸ்வாசி:
வணக்கம். இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த சீசனில் மான் வேட்டைக்குப் போவதாக இருக்கிறேன். கை பழக .308 ரைஃபிளோடு (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்) துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிறேன். இலக்கு 600 யார்டில், வெள்ளைக் காகித அட்டை. குண்டு பட்ட இடத்தைத் தூரத்திலிருந்து பார்க்க, 20-60 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 80 மி.மீ. உள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப் (ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். காலை எட்டு மணி வரை சுமாராகத் தெரிகிறது. பத்து மணிக்கு 60 மடங்கில் பார்த்தால், அட்டையே உலைத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல ஆடுகிறது. துளை எது, அட்டையின் சுருக்கம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஃபோகஸைத் திருகித் திருகிக் கண் வலிதான் மிச்சம். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

ரேஞ்ச் அண்ணாச்சி:
அவசரப்பட்டு அவரைத் திட்டாதீங்க தம்பி. விடிந்ததும் வெயில் ஏறுமுன், 100 யார்டில் சுட்ட அட்டை ஒன்றை 60 மடங்கில் பாருங்கள். துளையின் ஓரத்தில் பிய்ந்த காகித நார் தெரிந்தால் கண்ணாடி நல்லது. அப்போதும் கலங்கலாக இருந்தால்தான் ஸ்கோப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு இது கானல் என்றுதான் படுகிறது. சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்து ஆட்டுகிறது. மடங்கைக் கூட்டினால் துளையோடு அந்த ஆட்டமும் பெரிதாகும். 25க்கு இறக்குங்கள். லென்ஸின் 80 மி.மீ.யை 60ஆல் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1.3 மி.மீ.தான், 25ல் 3.2 மி.மீ. படம் வெளிச்சமாகும், கண்ணும் அலையாது.

ஆனாலும் .308 துளை 8 மி.மீ.கூட இல்லை. 25 மடங்கில் பார்ப்பது, 24 யார்டு தள்ளி நின்று வெறுங்கண்ணால் பார்ப்பது மாதிரி. வெயிலில் அது கஷ்டம்தான். குண்டு பட்ட இடத்தில் கறுப்புப் பூச்சு உரிந்து மஞ்சள் வளையம் காட்டும் அட்டை கிடைக்கும், அதை ஒட்டுங்கள். ரேஞ்சில் அனுமதி உண்டென்றால் இரும்புத் தகட்டில் வெள்ளை பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

அது சரி, ஸ்கோப்பை எதன் மேல் வைக்கிறீர்கள்?

டெக்சாஸ்வாசி:
பிக்கப் பானட் மேல், குட்டி ட்ரைபாடில் அண்ணா. வண்டியை நிறுத்தியதும் எடுத்து வைத்துவிடுவேன்.

பூநாரை:
பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது! நான் துப்பாக்கி தொட்டதில்லை. கோடியக்கரையில் பறவை பார்க்கிறவன். உப்பளத்துக்கு மேலே வெயில் ஏறினால் பூநாரையின் கால்கள் ரப்பர் போல நெளியும். நம் பழைய பாட்டுகளில் கானலைப் 'பேய்த்தேர்' என்பார்கள். அங்கே நின்று பார்த்தால் ஏன் என்று புரியும். ஒருமுறை இன்ஜின் சூடு ஆறாத ஜீப்பின் பானட் வழியே பார்த்துவிட்டு, லென்ஸைத்தான் குறை சொன்னேன். பெரிய ட்ரைபாடை வண்டிக்கு அப்பால், புல் மேல் வையுங்கள். ஏசி காரிலிருந்து எடுத்ததும் அரை மணி நேரமாவது நிழலில் விடுங்கள். குழாய்க்குள் இருக்கும் காற்றும் வெளிச்சூட்டுக்கு வர வேண்டும்.

ரேஞ்ச் அண்ணாச்சி:
அருமையாகச் சொன்னீங்க. தம்பி, இன்னொன்று. துளை தெரியாத நேரத்தில் அதே கானல் காற்றைக் காட்டும். ஃபோகஸை இலக்கிலிருந்து பின்னுக்கு, பாதி வழிக்குக் கொண்டுவாருங்கள். அலை சாய்ந்து ஓடினால், காற்று அந்தப் பக்கம் போகிறது. நேராக மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை. ஆனால் முன்னிருந்தோ பின்னிருந்தோ அடிக்கலாம்.

வேட்டைக்குப் போகும்போது, புதரில் என்ன அசைகிறது என்று ரைஃபிள் ஸ்கோப்பால் தேடவே தேடாதீங்க. அங்கே நிற்பது மனிதன் என்றால், நீங்கள் அவன் மேல் குழலை நீட்டிவிட்டீர்கள். தேட இந்த ஸ்கோப், சுட மட்டும் அந்த ஸ்கோப்.

டெக்சாஸ்வாசி:
சனிக்கிழமை போய்வந்தேன். 100 யார்டில் காகித நார் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் புல் மேல் ட்ரைபாட், 27 மடங்கு, மஞ்சள் வளைய அட்டை. பதினொரு மணிக்கும் ஐந்து குண்டில் நாலைக் கண்டுபிடித்தேன். ஐந்தாவது, அட்டையிலேயே படவில்லை.