நம்ம தெரு குழு: கவுன்சிலர் ஓட்டு எந்த ஊர்ல இருக்கு?

செந்தில் (மாடி வீடு): மூலை வீட்டு முன்னாடி மழைநீர் வடிகால் மூடி மறுபடி உடைஞ்சிருக்கு. ராத்திரி வண்டியில வர்றவங்க பார்த்து வாங்க. சென்னை மாநகராட்சி புகார் எண் 1913ல சொல்லிப் பதிஞ்சாச்சு.

செல்வி: கவுன்சிலர்கிட்ட சொல்லலாமே அண்ணா?

லலிதா டீச்சர்: சொல்லணும். ஆனா நம்ம வார்டு கவுன்சிலர்கிட்ட இல்ல. தெரு நடுவுலதான் வார்டு எல்லை ஓடுது. மூடி இருக்கிறது எதிர்ப்பக்கம், அது அடுத்த வார்டு.

செந்தில்: யார்கிட்ட சொன்னா என்ன டீச்சர், எல்லாத்தையும் கமிஷனர் ஆபீஸ்தான் முடிவு பண்ணுது. மேயருக்கும் நாம ஓட்டுப் போடறதில்ல. அதனாலதான் 2022ல நான் போகவே இல்ல.

லலிதா டீச்சர்: செந்தில், மேயருக்கு நேரடியா ஓட்டு இல்லைங்கிறதாலதான் கவுன்சிலர் ஓட்டு இன்னும் முக்கியம். 1996லயும் 2001லயும் 2011லயும் சென்னை மேயரை மக்களே நேரா தேர்ந்தெடுத்தாங்க. 2011ல மேயருக்கு ஒண்ணு, கவுன்சிலருக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஓட்டு போட்டோம். 2022ல பிப்ரவரி 19 நமக்கு வாக்குப்பதிவு, மார்ச் 4 கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தாங்க. 200 வார்டு, 200 கவுன்சிலர். நம்ம கையில இருக்கிறது அந்த ஒரே ஓட்டு. அதையும் விட்டுட்டா மாநகராட்சியில நமக்குன்னு பேச யாரு?

லலிதா டீச்சர்: இன்னொண்ணு. 2016 அக்டோபர்லேர்ந்து 2022 வரைக்கும் சென்னையில கவுன்சிலரே கிடையாது, அரசு நியமிச்ச தனி அலுவலர் ஆட்சிதான். கொரோனா நேரத்துல தெருவுக்குக் கிருமிநாசினி அடிக்கச் சொல்லி நாம எல்லாரும் யார் யாருக்கோ போன் பண்ணிட்டு இருந்தோமே, ஞாபகம் இருக்கா? அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கணும்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு, 243யூ பிரிவு. அப்படி இருந்தும் அந்த இடைவெளி விழுந்துச்சு. எனக்கு இன்னிக்கும் அது ஆறல.

பாஷா பாய்: உண்மைதான் டீச்சர். அப்ப சாக்கடை அடைச்சா மண்டல அலுவலகத்துக்குத்தான் நடையா நடந்தோம்.

செந்தில்: சரி டீச்சர், ஆனா முப்பதாயிரம் பேர்ல என் ஒரு ஓட்டு என்ன பண்ணப்போகுது?

லலிதா டீச்சர்: 2022 கணக்குப்படி ஒரு வார்டுக்குச் சராசரியா முப்பதாயிரம் வாக்காளர், சரி. போன தடவை சென்னையில 45 சதவீதம்கூடப் பதிவாகல, மாநிலத்துலயே ரொம்பக் குறைவு இங்கதான். அப்படின்னா வார்டுக்குப் பதிமூணாயிரம் ஓட்டு. அதையும் பல வேட்பாளர் பிரிச்சுக்கிறாங்க. நம்ம தெரு ரெண்டு பக்கமும் சேர்த்து எத்தனை வீடுன்னு எண்ணிப் பாருங்க. எம்எல்ஏ தேர்தல்ல ஒரு தெருவுக்கு இந்த பலம் கிடையாது.

செல்வி: டீச்சர், எங்க ஓட்டு மன்னார்குடி பக்கம் எங்க ஊர்லயே இருக்கு. பஞ்சாயத்துத் தலைவருக்குப் போடுவோம். இங்கயும் சேர்த்துக்கலாமா?

லலிதா டீச்சர்: கூடாதும்மா. ஒரு ஆளுக்கு ஒரே இடத்துலதான் பெயர் இருக்கலாம். பொய்யா உறுதி குடுத்து ரெண்டு இடத்துல சேர்த்தா ஒரு வருஷம் வரைக்கும் சிறைத் தண்டனை இருக்கு. எங்க குடியிருக்கீங்களோ அங்கதான் ஓட்டு. ஊர் மேல பாசம் இருக்கும், புரியுது. ஆனா உங்க பிள்ளைங்க தினம் நடந்து போறது இந்தத் தெருவுல. உங்க வீட்டுக் குப்பையை எடுக்கிறது இந்த மாநகராட்சி.

செல்வி: நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்?

லலிதா டீச்சர்: சொந்த வீடா வாடகையான்னு யாரும் கேட்க மாட்டாங்க. ஆதார்ல இந்த விலாசம் இருந்தா போதும். இல்லேன்னா கேஸ் பில், பேங்க் பாஸ்புக், பதிவு பண்ணின வாடகை ஒப்பந்தம், இதுல ஏதாவது ஒண்ணு. வீட்டுக்காரர் கையெழுத்துக்குக் காத்திருக்காதீங்க.

பாஷா பாய்: வோட்டர் ஐடி இருந்தும் போன தடவை எங்க மச்சானைத் திருப்பி அனுப்பிட்டாங்களே டீச்சர்?

லலிதா டீச்சர்: அட்டை இருந்தா மட்டும் போதாது பாய், அந்த பூத் பட்டியல்ல பெயர் இருக்கணும். நான் 2022ல முதல் போலிங் ஆபீசரா உட்கார்ந்திருந்தேன். பட்டியலைப் பார்த்து வரிசை எண்ணையும் பெயரையும் நான் சத்தமா படிக்கணும், ஏஜென்டுங்க அவங்க தாள்ல டிக் அடிப்பாங்க. அப்புறம் அடுத்தவங்க மை வச்சுக் கையெழுத்து வாங்குவாங்க, கன்ட்ரோல் யூனிட்ல பட்டனை அழுத்தினாத்தான் உள்ள மெஷின் திறக்கும். பெயர் இல்லேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு வயசான அம்மா கையில அட்டையை வச்சுக்கிட்டு, "இத்தனை வருஷமா போட்டேனே"ன்னு நின்னாங்க. அவங்க வீடு மாறி வந்தவங்க, பெயர் பழைய வார்டுலயே இருந்துச்சு. ஆட்டோ பிடிச்சு அந்த பூத்துக்கு அனுப்பி வச்சோம்.

செந்தில்: நோட்டா உண்டா இதுல?

லலிதா டீச்சர்: போன தடவை உள்ளாட்சி மெஷின்ல நோட்டா பட்டனும் இல்ல, ஒப்புகைச் சீட்டும் இல்ல. இதை நடத்தறது மாநிலத் தேர்தல் ஆணையம், எம்எல்ஏ, எம்பி தேர்தலை நடத்தற ஆணையம் வேற. ஆனா பட்டியல் அதேதான். சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியா பிரிச்சுக்குவாங்க. அதனால பெயரை இப்பவே சரி பண்ணுங்க. இப்ப இருக்கிற மாநகராட்சி மன்றத்தோட காலம் 2027 மார்ச்சோட முடியுது. தேதி அறிவிச்சப்புறம் ஓடினா நேரம் இருக்காது.

செல்வி: என்ன படிவம்?

லலிதா டீச்சர்: வீடு மாறினவங்களுக்குப் படிவம் 8. வேற மாவட்டத்துலேர்ந்து வந்தாலும் அதேதான், பழைய ஓட்டர் அட்டை எண்ணே தொடரும். ஊர்ப் பட்டியல்லேர்ந்து அவங்களே நீக்கிடுவாங்க. புதுசா சேர்றவங்களுக்கு 6. போன்லயே போடலாம், சந்தேகம்னா வாக்காளர் உதவி எண் 1950க்குப் பேசுங்க.

பாஷா பாய்: பொண்ணுக்கு ஆகஸ்ட்ல 18 முடியுது. ஜனவரி வரைக்கும் காத்திருக்கணுமா?

லலிதா டீச்சர்: வேண்டாம் பாய். முன்னாடி ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். இப்ப ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ம் சேர்த்து நாலு. அவளுக்கு அக்டோபர் 1 கணக்கு. 17 முடிஞ்சிருந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 21 வந்தா அவளே கவுன்சிலருக்கு நிக்கலாம், நம்ம மாநிலத்துல பாதி இடம் பெண்களுக்குத்தான்.

பாஷா பாய்: அவகிட்ட காட்டறேன் டீச்சர். சந்தோஷப்படுவா.

ராணி அக்கா: ஞாயித்துக்கிழமை காலையில டீச்சர் வீட்டு வாசல்ல உட்கார்ந்து எல்லாருக்கும் போட்டுடலாமா? எனக்கு போன்ல வராது.

லலிதா டீச்சர்: தாராளமா வாங்க அக்கா. ஆதார், ஒரு போட்டோ, ஓட்டர் அட்டை எடுத்துட்டு வாங்க.

செல்வி: டீச்சர், நான் இப்பவே போட்டுட்டேன். ரெஃபரன்ஸ் நம்பர் வந்திருக்கு. வீட்டுக்காரர்தான் ஊர் ஓட்டு போகுதேன்னு யோசிச்சார், அவருக்கும் சேர்த்தே போட்டாச்சு.

லலிதா டீச்சர்: நம்பரை எழுதி வைம்மா. பிஎல்ஓ, அதான் வாக்குச்சாவடி நிலை அலுவலர், வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க, கதவு பூட்டியிருந்தா நிராகரிச்சுடப் போறாங்க. பகல்ல பாட்டிகிட்ட சொல்லி வை.

செந்தில்: டீச்சர், என் பெயர் எந்த பூத்துன்னு பார்த்தேன். பழைய வீட்டு விலாசத்துலயே இருக்கு. ஞாயித்துக்கிழமை நானும் வரேன். அந்த அடுத்த வார்டு கவுன்சிலர் நம்பர் இருந்தா அனுப்புங்க, மூடி விஷயமா நானே பேசறேன்.