கேத்தில் கொதிக்கும்போது எழும் படபடப்பும் சீறலும்

கோண்டாவில் வாசகி:
வணக்கம். இரண்டு ஆண்டுகளாகப் பாவித்துவரும் எங்கள் 2000 வாற்று மின்கேத்தில் ஒரு மாதமாக வழமைக்கு மாறாகச் சத்தமிடுகிறது. ஆளியைப் போட்டுச் சிறிது நேரத்தில் உறுமத் தொடங்கி, பின்னர் கடுகு தாளிப்பதுபோலப் படபடவென்று வெடித்து, நீர் தளதளவென்று கொதித்ததும் அடங்கிவிடுகிறது. சில நாட்களில் கேத்தில் அமரும் கீழ்த்தட்டிலிருந்து மெல்லிய சீறலும் கேட்கிறது. விடியப்புறம் 4.30 மணிக்கு அம்மா தனியே எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைப்பவர் என்பதால் பயமாக இருக்கிறது. தொடர்ந்து பாவிக்கலாமா?

ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர்:
தங்கச்சி, நீங்கள் குறிப்பிட்டவை இரண்டு வெவ்வேறு சத்தங்கள். முதலாவதைப் பற்றிச் சொல்கிறேன்.

அடித்தகட்டில் உண்டாகும் நீராவிக் குமிழிகள் மேலேயுள்ள ஆறிய நீரைத் தொட்டவுடன் சுருங்கி உடைவதே அந்த உறுமல். நீர் முழுவதும் கொதிநிலையை எட்டியபின் குமிழிகள் உடையாமல் மேற்பரப்புவரை வந்துவிடுவதால் இரைச்சல் குறைகிறது. புதிய கேத்திலிலும் இது இருக்கும்.

படபடப்புக்குக் காரணம் பெரும்பாலும் நம் கிணற்று நீர்தான். யாழ் குடாநாட்டின் அடியிலிருப்பது பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலச் சுண்ணக்கல். காங்கேசன்துறையில் சீமெந்துக்காக வெட்டப்பட்டதும் அந்தக் கல்லே. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அதைச் சூடாக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியம் காபனேற்று வெள்ளைப் படையாக அடியில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படை வெப்பத்தை எளிதில் கடத்தாததால் கீழேயுள்ள உலோகம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி, படையின் நுண்துளைகளில் சிக்கிய நீர் திடீரென ஆவியாகி வெடிக்கிறது.

பிளக்கைக் கழற்றி, கேத்தில் ஆறியபின் வினாகிரியும் நீரும் சம அளவில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். தேசிக்காய்ச் சாறும் உதவும், ஆனால் நேரம் கூட எடுக்கும். படை நுரைத்துக் கரைவதைக் கண்ணால் காணலாம். கத்தியால் மட்டும் சுரண்டவேண்டாம். இரண்டு முறை வெறும் நீரைக் கொதிக்கவைத்து ஊற்றியபின் பாவிக்கலாம்.

மின்வினைஞர், சுன்னாகம்:
ஆசிரியர் ஐயா சொன்னது சரி. எனக்குக் கவலை தருவது அந்தச் சீறல். 230 வோல்ற்றில் 2000 வாற்றுக் கேத்தில் ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். கீழ்த்தட்டின் தொடுகைகள் கரிந்திருந்தாலோ, வழிந்த நீர் உள்ளே தங்கியிருந்தாலோ, அந்த இடைவெளியில் தீப்பொறி பறக்கும். காதுக்குச் சீறலாகக் கேட்பது அதுவாக இருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தட்டின் நடுப்பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள். சுவரிலுள்ள இணைப்பு பழைய 5 அம்பியர் உருண்டைத் துளையா, 13 அம்பியர் சதுரத் துளையா என்பதையும் சொல்லுங்கள். கொதித்து முடிந்ததும் வரும் ஒற்றை ‘டிக்’ ஒலிக்குப் பயப்படத் தேவையில்லை. நீராவி பட்டு ஈருலோகத் தகடு வளைந்து ஆளியை நிறுத்துவதுதான் அது.

கோண்டாவில் வாசகி:
வினாகிரி விட்டதும் அடியிலிருந்து வெள்ளைச் செதிள்கள் கழன்று வந்தன. படபடப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் கீழ்த்தட்டின் நடு வளையத்தில் மிளகளவு கறுப்புப் பொட்டு ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பழுப்பேறியுள்ளது. இணைப்பு 5 அம்பியர்தான் அண்ணா, அடப்ரர் போட்டே இவ்வளவு நாளும் பாவித்தோம்.

மின்வினைஞர், சுன்னாகம்:
அப்படியானால் இன்றே நிறுத்திவிடுங்கள், தங்கச்சி. பழுப்பேறிய தட்டைத் துடைத்துப் பாவிப்பது சரிவராது. கேத்திலையும் தட்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். 8.7 அம்பியரை 5 அம்பியர் இணைப்பு தாங்காது. புதியதை அந்த அடப்ரரில் செருகினால் அங்கேயும் சூடேறி உருகலாம். தகுதியான ஒருவரைக் கொண்டு குசினிக்குப் புவித்தொடுப்புள்ள 13 அம்பியர் இணைப்பைத் தனி வயரில் இழுப்பியுங்கள். மின் கசிந்தால் தானே துண்டிக்கும் ட்ரிப் ஆளியையும் அவர் சோதிக்கட்டும். அதுவரை அம்மா அடுப்பிலேயே தண்ணீர் வைக்கட்டும்.