பெண்டுலம் கணக்கு: ரெண்டு வழில ரெண்டு ஸ்பீட் வருது, எது சரி?

கேள்வி:
1 மீட்டர் நூல்ல 200 கிராம் குண்டு கட்டி, 60 டிகிரி இழுத்து தள்ளாம அப்படியே விட்டுடறாங்க. அடியில வரும்போது ஸ்பீட் என்ன, நூல்ல டென்ஷன் (நூல் இழுக்கிற விசை) என்னன்னு கேக்குறாங்க. நான் ஒமேகா (அலைவோட கோண வேகம்) பெருக்கல் ஆம்ப்ளிட்யூட் (நடுவுலேர்ந்து அதிகபட்சம் போற தூரம்) போட்டேன், ஒமேகா வந்து ரூட் ஆஃப் ஜி பை எல் (ஜி புவியீர்ப்பு முடுக்கம், எல் நூல் நீளம்), அது 3.13, ஆம்ப்ளிட்யூட் 60 டிகிரிய ரேடியனாக்கினா 1.047 மீட்டர், பெருக்கினா 3.28 வருது. எனர்ஜி வழில போனா 3.13 தான் வருது. ஜி ரெண்டுலயும் 9.8 தான். அப்புறம் டென்ஷன், அடியில நூல் நேரா தானே இருக்கு, அப்போ எம்ஜி (குண்டோட எடை), அதாவது 1.96 நியூட்டன் தானே? விடைல 3.92 போட்டிருக்கு, கரெக்டா டபுள். எப்படின்னு புரியல.

பதில் 1:
3.13 தான் சரி. ஒமேகா ஃபார்முலா வந்ததே சைன் தீட்டாவும் தீட்டாவும் (இழுத்த கோணம், ரேடியன்ல) ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டதால தான். 60 டிகிரில சைன் 0.866, தீட்டா 1.047, ஒட்டவே ஒட்டாது. குண்ட நடுவுக்கு இழுக்கிற விசைய நிஜத்த விட அதிகமா எடுத்துக்கிறீங்க, அதான் ஸ்பீடும் ஏறிடுது. இதே கணக்க 10 டிகிரிக்கு போட்டுப் பாருங்க, ரெண்டு வழிலயும் 0.546 வரும்.

எனர்ஜில அந்த தோராயமே இல்ல. உயரம் மட்டும் ஒழுங்கா எடுக்கணும், எல் மைனஸ் எல் காஸ் தீட்டா, இங்க 0.5 மீட்டர். வி ஸ்கொயர் = 2 பெருக்கல் ஜி பெருக்கல் உயரம் = 9.8, அதோட ரூட் தான் 3.13. நிறைய பேர் எல் சைன் தீட்டா போட்டுடறாங்க, அது பக்கவாட்டு தூரம், உயரம் இல்ல. படம் வரைஞ்சுட்டா இந்த குழப்பம் வராது, தயவுசெஞ்சு வரைங்க.

பதில் 2:
டென்ஷனுக்கு நான் சொல்றேன். குண்டு அடியில சும்மா தொங்கல, வட்டத்துல ஓடிட்டு இருக்கு, அதை மேல வளைக்கவும் நூல் தான் இழுக்கணும். அதனால டென்ஷன் மைனஸ் எம்ஜி = எம்வி ஸ்கொயர் பை எல். வி ஸ்கொயர் 9.8, 0.2ஆல பெருக்கினா 1.96, அதோட எடை 1.96, ஆக 3.92.

டபுள் வந்தது 60 டிகிரிங்கிறதால தான். பொதுவா எம்ஜி பெருக்கல் (3 - 2 காஸ் தீட்டா), 90 டிகிரில விட்டா மூணு மடங்கு ஆயிடும். இன்னொண்ணும் பாருங்க, விடுற அந்த நொடில ஸ்பீட் இல்ல, அங்க டென்ஷன் எம்ஜி காஸ் தீட்டா, வெறும் 0.98. ஒரே ஊஞ்சலாட்டத்துல நூல் மேல விழுற இழுவை நாலு மடங்கு ஏறுது!

கேட்டவர்:
ரொம்ப நன்றி, இப்ப தெளிவாயிடுச்சு. இன்னும் ஒரு டவுட், நூல் இவ்ளோ இழுக்குதே, எனர்ஜி கணக்குல அதோட வேலைய ஏன் சேர்க்கல? அப்புறம் பீரியட் (ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகுற நேரம்) 2.01 செகண்ட்னு எழுதலாமா?

பதில் 1:
குண்டு வில் மாதிரி வளைஞ்ச பாதைல போகுது, நூல் எப்பவும் அதுக்கு செங்குத்தா இழுக்குது, அதனால வேலை ஜீரோ. நூல் நீளாது, காத்துத் தடை இல்லைங்கிற வரைக்கும் இது சரி.

பீரியட் 2.01ங்கிறது சின்ன ஆங்கிளுக்கு. 60 டிகிரில சுமார் 7 சதவீதம் கூடும், 2.15 செகண்ட் கிட்ட வரும். கேள்விலயே சிறிய அலைவுன்னு சொல்லியிருந்தா தாராளமா 2.01 எழுதுங்க.