செய்தி சேனல் கிராபிக்ஸ், இசை, லோகோ: ஆன் ஏரில் மாட்டும் கோளாறுகளும் தீர்வுகளும் (அனுபவப் பகிர்வு)

திரியைத் தொடங்கியவர்

மாவட்ட கேபிள் சேனலோ, 24 மணி நேரச் செய்தி சேனலோ, புது கிராபிக்ஸ் பேக்கேஜ் (திரையில் வரும் பெயர்ப் பட்டை, டிக்கர், லோகோ, இசை எல்லாம் சேர்ந்த தொகுப்பு) வந்து இறங்கிய முதல் வாரத்தில் மாட்டுகிற கோளாறுகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். டெமோவில் பளபளவென்று இருக்கும். ஆன் ஏர் போனதும் பெயரில் புள்ளி காணாது, திரையின் அடியில் ஓடும் எழுத்து வரியான டிக்கர் நடுங்கும், தலைப்புச் செய்தி இசை வாசிப்பவரின் குரலை விழுங்கும். கோளாறு, அதன் காரணம், சரிசெய்த விதம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். எந்த சாஃப்ட்வேர் உசத்தி என்ற சண்டை இங்கே வேண்டாம்.

புள்ளியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். விலைக்கு வாங்கும் டெம்ப்ளேட்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துக்காக வரையப்பட்டவை. அந்த எழுத்து மேலேயும் நீளாது, கீழேயும் நீளாது. தமிழில் மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரக் குறியும் வரும். எழுத்து ஏறி வருவதற்கு வைத்த மாஸ்க் (எல்லைக்கு வெளியே இருப்பதை மறைக்கும் சட்டம்) ஆங்கில உயரத்திலேயே இருந்தால் 'கண்ணன்' என்பது 'கணணன' ஆகிவிடும். அப்படி ஒரு அமைச்சரின் பெயர் முழு பேட்டியும் ஓடியதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எழுத்தளவு 60 பிக்சல் என்றால் பெயர்ப் பட்டையின் உள்ளுயரம் 90க்குக் குறையக் கூடாது. பேக்கேஜை வாங்கிக்கொள்ளும் முன் 'ஸ்ரீ ஞீ ணூ ழூ றூ க்ஷ்' என்று ஒரே வரியில் தட்டி, அனிமேஷனை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கடைசி ஃபிரேமில் முழுதாக நிற்கும் எழுத்து, உள்ளே வரும்போது நடுவில் வெட்டுப்படுவது உண்டு.

சிஜி ஆபரேட்டர்

அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'கொ' என்று தட்டினால் ஒற்றைக் கொம்பு தனியாக வலப்பக்கம் விழுகிறது என்ற புகார் இன்றும் வருகிறது. யூனிகோடில் சேமிக்கும் வரிசை முதலில் க, பிறகுதான் கொம்பு. அதை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது எழுத்தை வரையும் எஞ்சினின் வேலை. பிரெஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், லத்தீன் எஞ்சினை விட்டுத் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். பிறகு புது டெக்ஸ்ட் லேயர் போட்டு அதில் தட்டிப் பாருங்கள். பழைய லேயரை வைத்துக்கொண்டு 'மாற்றியும் சரியாகவில்லையே' என்று குழம்ப வேண்டாம்.

எஞ்சின் சரியாக இருந்தாலும் இரண்டு இடத்தில் உடையும். ஒன்று டிராக்கிங். ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கிறதென்று எழுத்திடைவெளியை 50, 100 என்று ஏற்றினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். தமிழுக்கு எப்போதும் பூஜ்யம். இன்னொன்று, எழுத்து எழுத்தாகத் தட்டி வருகிற அனிமேஷன். அது யூனிகோடு குறியைத்தான் எண்ணுகிறது, எழுத்தை எண்ணுவதில்லை. 'கோ' வரும்போது ஒரு கணம் 'க' மட்டும் தெரிந்து மறையும். அனிமேஷனைச் சொல் சொல்லாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது பெயர்ப் பட்டியல். நிருபர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புவார். பழைய சிஜி மெஷினில் (திரையில் எழுத்து ஏற்றும் மெஷின்) பாமினியோ வானவில்லோ மாதிரி யூனிகோடு அல்லாத எழுத்துரு ஓடும். நடுவில் ஒரு கன்வர்ட்டர். அங்கே மேற்கோள் குறி, ஆய்தம், ரூபாய்க் குறி மூன்றும்தான் முதலில் பலியாகும். கன்வர்ட் செய்த பிறகு இந்த மூன்றையும் கண்ணால் பார்க்காமல் பிளேலிஸ்ட்டில் ஏற்றக் கூடாது. முழுக்க யூனிகோடுக்கு மாறியவர்களுக்கு வேறொரு சிக்கல்: பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் 'ள'வும் தட்டுவார்கள். திரையில் 'கௌதமன்', 'கெளதமன்' இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஆபரேட்டர் அவசரத்தில் புதிதாகத் தட்டுவார், பதவி பழையதாகப் போய்விடும். 'ஸ்ரீ'யும் அப்படித்தான், ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது ஒன்று. சில ஃபான்ட்களில் ஒன்றுதான் கூட்டெழுத்தாக வரும், மற்றது உடைந்து நிற்கும். பட்டியலை மாதம் ஒருமுறை ஒரே வடிவத்துக்கு மாற்றி வையுங்கள்.

புதிதாக அமைப்பவர்கள் காஸ்பர் சிஜியில் ஹெச்டிஎம்எல் டெம்ப்ளேட் போட்டால் இதில் பாதித் தொல்லை இல்லை. ஸ்வீடனின் பொதுச்சேவைத் தொலைக்காட்சியான எஸ்விடி உருவாக்கி இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள் அது. உள்ளே எழுத்தை வரைவது குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியம், பிரவுசரில் தமிழ் எப்படித் தெரியுமோ அப்படியே ஆன் ஏரிலும் தெரியும். ஃபான்ட் ஃபைலை டெம்ப்ளேட் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து அழையுங்கள். விண்டோஸில் நிறுவிய ஃபான்ட்டை நம்பினால், மாற்று மெஷினில் அது இல்லாத அன்று வேறு எழுத்துரு வந்து நிற்கும்.

பிசிஆர் டெக்னீஷியன்

டிக்கர் நடுக்கத்துக்கு வருகிறேன். 1080 இன்டர்லேஸ்டில் வினாடிக்கு 50 ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் கொண்ட அரைப் படம்). டிக்கர் ஒரு ஃபீல்டுக்கு எத்தனை பிக்சல் நகர்கிறதோ அது முழு எண்ணாக இருக்க வேண்டும். 3 பிக்சல் என்றால் வினாடிக்கு 150, திரையைக் கடக்க 12.8 வினாடி. 4 என்றால் 200, கடக்க 9.6 வினாடி. தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு 3 தான் வசதி. நாலில் ஓடினால் 'மறுசீரமைக்கப்பட்டுள்ளதாக' போன்ற சொல்லைப் பிடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். வேகத்தை ஸ்லைடரில் குத்துமதிப்பாக இழுத்து 3.4 போல வைப்பதில்தான் எழுத்து அதிர்ந்து அதிர்ந்து நகர்கிறது. எண்ணைத் தட்டிப் போடுங்கள்.

முன்னும் பின்னும் துள்ளுவது போல் தெரிந்தால் அது வேகக் கோளாறு அல்ல, ஃபீல்டு வரிசை மாறியிருக்கிறது. ஹெச்டியில் மேல் ஃபீல்டு முதலில். பழைய DV டேப் கேமரா, PAL DV ஃபைல்களில் கீழ் ஃபீல்டு முதலில். ரெண்டர் அமைப்பைப் பழைய புராஜெக்டிலிருந்து நகலெடுக்கும்போது இது கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பட்டையின் ஓரத்தில் அழகுக்கு இழுக்கும் 1 பிக்சல் கோட்டையும் விட்டுவிடுங்கள். அது ஒரே ஒரு ஃபீல்டில்தான் இருக்கும், வினாடிக்கு 25 முறை மினுக்கும். கேபிளில் 576 வரிக்குச் சுருங்கும்போது 2 பிக்சல் கோடும் அதே கதிதான். 4 பிக்சல் வைத்து, செங்குத்தாக லேசாக பிளர் கொடுத்தால் இரண்டிலும் நிற்கும்.

இன்னொருவர்

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் இது. சிவப்பின் மேல் மஞ்சள் எழுத்து நம்மூர் பிரேக்கிங் நியூஸின் சொத்து போல ஆகிவிட்டது. கேபிளுக்குப் போகும் 4:2:0 சிக்னலில் நிறத் தகவல் குறுக்கிலும் நெடுக்கிலும் பாதிதான், ஒளித் தகவல் மட்டுமே முழுசு. ஆகவே நிற வேறுபாட்டை நம்பிய எழுத்தின் ஓரம் கரைந்து கட்டம் கட்டமாகும். மானிட்டரில் கலரைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் படிக்க முடிந்தால் எந்த செட்டாப் பாக்ஸிலும் படிக்க முடியும். அடர்சிவப்பின் மேல் வெள்ளை எப்போதும் தப்பிக்கும்.

விஷன் மிக்சர் பக்கத்திலிருந்து

லோகோவைச் சுற்றிக் கறுப்பு ஓரம் விழுவது ஆல்ஃபா குழப்பம் (ஆல்ஃபா என்பது எந்த இடம் எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்ற தகவல்). கிராபிக்ஸ் பிரீமல்டிபிளைடாக, அதாவது நிறம் ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டு வந்திருக்கும், மிக்சர் அதைப் பெருக்காத ஸ்ட்ரெயிட் என்று எடுத்து இன்னொரு முறை பெருக்கும். ஏடெம் மிக்சர்களில் டவுன்ஸ்ட்ரீம் கீயில் (எல்லாப் படத்துக்கும் மேலே கடைசியாக ஏறும் அடுக்கு) 'பிரீ மல்டிபிளைட்' என்று ஒரு பட்டன், அதுதான் இடம். பட்டனை ஒருமுறை சரியாக வைத்துவிட்டு, பேக்கேஜ் செய்கிறவரிடம் எல்லா ஃபைலும் ஒரே வகையில் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பாதி ஃபைல் அப்படி, பாதி இப்படி என்று வந்தால் எந்த அமைப்பும் சரிவராது. புரோரெஸ் 4444 அல்லது பிஎன்ஜி வரிசை என்றால் ஆல்ஃபா பத்திரமாக வரும். எம்பி4 அனுப்பி 'பின்னால் கறுப்பாக வருகிறது' என்றால் ஒன்றும் செய்ய முடியாது. வழக்கமான ஹெச்.264 எம்பி4இல் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை.

நகரும்போது மட்டும் பட்டையின் ஓரத்தில் பேய் நிழல் தெரிந்து, நின்றதும் மறைந்தால் கேபிளைப் பாருங்கள். ஃபில் (படம்), கீ (அதன் ஆல்ஃபா) இரண்டில் ஒன்று மட்டும் கன்வர்ட்டர் வழியாகப் போயிருக்கும், ஒரு ஃபிரேம் பிந்தும். இரண்டையும் ஒரே கார்டிலிருந்து, ஒரே பாதையில், ஒரே நீளக் கேபிளில் எடுங்கள்.

சேனல் லோகோவை லோயர் தேர்டு (திரையின் கீழ்ப்பகுதிப் பெயர்ப் பட்டை) ஓடும் மெஷினில் வைக்காதீர்கள். அந்த மெஷின் தொங்கினால் லோகோவும் போய்விடும். மிக்சரின் மீடியா பூலில் ஒரு ஸ்டில்லாக ஏற்றி டவுன்ஸ்ட்ரீம் கீயில் போடுவதே பாதுகாப்பு.

ஒலிப் பிரிவு

இசையில் முதலில் தாளம். வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் நம் முறையில், நிமிடத்துக்கு 120 அடி வேகம் கேட்க நன்றாக இருந்தாலும் ஓர் அடி 12.5 ஃபிரேம் வரும். ஒன்றுவிட்டு ஒரு அடி ஃபிரேமின் நடுவில் விழும், வெட்டு ஒட்டாது. 100 என்றால் அடிக்கு சரியாக 15 ஃபிரேம், 125 என்றால் 12. தலைப்புச் செய்திக்கு 100 மிகப் பொருத்தம்: நாலடி ஆவர்த்தனம் 2.4 வினாடி, மூன்று ஆவர்த்தனம் 7.2 வினாடி. ஒரு தலைப்பை வாசிக்க ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். தலைப்புக்குத் தலைப்பு விழும் 'டம்' ஓசையை இசைக்குள் சேர்த்து ரெண்டர் செய்ய வேண்டாம். தனி ஃபைலாக வைத்து ஆபரேட்டர் அடிக்கட்டும், வாசிப்பவர் வேகம் நாளுக்கு நாள் மாறும்.

லூப் திரும்பும் இடத்தில் ஒரு பள்ளம் கேட்டால், முந்தைய சுற்றின் ரெவெர்ப் வால் (அடங்கிக்கொண்டே போகும் எதிரொலி) வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு சுற்று ரெண்டர் செய்து இரண்டாவதை மட்டும் வெட்டி எடுங்கள், வால் அதன் தலையிலேயே வந்துவிடும். எம்பி3 வேண்டவே வேண்டாம். என்கோடர் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்க்கும், லூப் ஒருபோதும் ஒட்டாது. 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல்தான்.

குரலுக்கு அடியில் ஓடும் இசை 18 முதல் 20 டெசிபல் கீழே இருக்கட்டும். அதோடு, இசையில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபல் குறையுங்கள். க, ச, ட, த, ப என்ற வல்லினத் தெளிவு பெரிதும் அங்கேதான் இருக்கிறது. மொத்த நிகழ்ச்சியையும் ஐரோப்பிய ஒளிபரப்பாளர் கூட்டமைப்பின் ஒலி அளவு விதியான இபியு ஆர்128 சொல்லும் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ்ஸில் (கேட்கும் சத்தத்தின் அளவை) நிறுத்தினால், விளம்பரத்திலிருந்து திரும்பும்போது வீட்டில் ரிமோட்டைத் தேட மாட்டார்கள்.

அடையாள இசைக்கு நீளம் தேவையில்லை. தூர்தர்ஷனுக்கு ரவிசங்கரும் ஷெனாய் கலைஞர் அலி அகமது உசேன் கானும் அமைத்த இசையின் முதல் சில ஸ்வரங்களே போதும், அடுத்த அறையிலிருந்தே என்ன சேனல் என்று தெரியும். பிபிசிக்கு டேவிட் லோவ் 1999இல் செய்ததில் வானொலியின் நேரக் குறி 'பிப்' ஓசையையே தாளமாக்கினார். முதலில் நாலைந்து ஸ்வரத்தை முடிவு செய்து, ஓபனிங், ஸ்டிங் (ஓரிரு வினாடித் துண்டு இசை), விளம்பர இடைவேளை, வானிலை எல்லாவற்றையும் அதிலிருந்தே பிரித்தெடுக்கச் சொல்லுங்கள்.

தவில், உறுமி, பறை சேர்ப்பவர்களுக்கு: செல்போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் கேட்காது. தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போகும், வலந்தலை மட்டும் மிஞ்சும். உறுமியின் இழுப்பும் மறையும். மிக்ஸை ஒருமுறை போனிலேயே கேட்டுவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

ஒலிப் பிரிவு சொன்னதோடு ஒரு சேர்க்கை

நாதஸ்வரத்தை ஓபனிங்கில் வைத்துவிட்டு, அன்றைய முதல் தலைப்பு பேருந்து விபத்தில் பலி என்று வந்தால் கேட்கச் சகிக்காது. அது மங்கல வாத்தியம். எனவே முழு மிக்ஸ், நாதஸ்வரம் இல்லாத மிக்ஸ், தாளம் மட்டும், ஸ்ருதி மட்டும் என்று ஒவ்வொரு இசைக்கும் நான்கு வடிவங்களை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். பின்னால் போய்க் கேட்டால் புராஜெக்ட் ஃபைல் இல்லை என்பார்கள்.

ஒப்பந்தம் என்றதும் இன்னொன்று. பதிப்புரிமைச் சட்டம் 1957, 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் பொருள். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். சிங்கப்பூர், மலேசியா, யூடியூப் எல்லாம் வேண்டுமென்றால் வரி வரியாக எழுத வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டோம் என்பதால் இசையமைப்பாளரின் ராயல்டி உரிமை போய்விடாது என்பதையும் கணக்குப் பிரிவுக்குச் சொல்லி வையுங்கள். ஸ்டாக் லைப்ரரி இசை என்றால் 'ஒளிபரப்பு' உரிமம் யூடியூபுக்குச் செல்லாமல் போகலாம். செய்தி நேரலைக்கே காப்பிரைட் கிளெய்ம் வந்து நிற்பது அப்படித்தான்.

திரியைத் தொடங்கியவர்

அருமை. வாக்கு எண்ணிக்கை நாள் அமைப்பைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

சிஜி ஆபரேட்டர்

டெம்ப்ளேட்டை 'ஆலந்தூர்' போட்டுச் சோதிக்காதீர்கள், 'சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி' போட்டுச் சோதியுங்கள். இரண்டு ஓரமும் 5 விழுக்காடு, அதாவது 96 பிக்சல் விட்டால் மிச்சம் 1728. 64 பிக்சல் எழுத்தில் அதில் ஏறக்குறைய 28, 30 எழுத்துதான் நிற்கும். தொகுதி, வேட்பாளர், கட்சி, வித்தியாசம் நான்கையும் ஒரே வரியில் திணிக்க முடியாது, இரண்டு வரியாகத் திட்டமிடுங்கள். 'தானாகச் சுருக்கு' என்ற அமைப்பை நம்பினால் ஒரு தொகுதி பெரிதாகவும் அடுத்தது எறும்பு மாதிரியும் வரும். சுருக்கம் 85 விழுக்காட்டுக்குக் கீழே போகாதபடி பூட்டுங்கள். 234இல் பெரும்பான்மைக்கு 118 என்ற கோடு பட்டையில் நிரந்தரமாக நிற்கட்டும்.

பழைய 4:3 டிவி வைத்திருக்கும் வீடுகளை மறக்காதீர்கள். பாக்ஸ் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் காட்டினால் இடமும் வலமும் 240 பிக்சல் போய்விடும். அந்த எல்லைக்கு வெளியே மொத்த எண்ணிக்கையை வைத்தால் அவர்களுக்கு யார் முன்னிலை என்றே தெரியாது.

பிசிஆர் டெக்னீஷியன்

துக்கச் செட் பற்றிக் கடைசியாக. ஜெயலலிதா மறைந்த 2016 டிசம்பர் 5, கருணாநிதி மறைந்த 2018 ஆகஸ்ட் 7 போன்ற இரவுகளில் அமைப்பை மாற்ற நேரம் இருக்காது. சாம்பல் லோகோ, அனிமேஷன் இல்லாத பட்டை, ஸ்டிங் இல்லாத வீணை அல்லது தம்புரா ஸ்ருதி லூப், விளம்பரம் நீக்கிய பிளேலிஸ்ட்: நான்கையும் ஒரே மேக்ரோவில் (ஒரு பட்டனில் எல்லாம் ஓடும் கட்டளைத் தொகுப்பு) கட்டி, தவறிக் கை படாதபடி இரண்டாம் பக்கத்தில் வையுங்கள். பிரேக்கிங் பட்டனின் 'வூஷ்' ஓசையும் அதே மேக்ரோவில் மியூட் ஆக வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது அதுதான். மாதம் ஒருமுறை அதிகாலையில், ஒளிபரப்பாகும் பிரோகிராமுக்குப் போகாமல், மிக்சரின் தனி வெளியீடான ஆக்ஸ் அவுட்டில் ஓட்டிப் பாருங்கள். புது லோகோ, புது டெம்ப்ளேட் வந்த அன்றே இதற்கும் சாம்பல் வடிவம் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய லோகோ திரையில் ஏறும்.