மறு: மறு: தழும்பு முதிர்ச்சியா, மாற்றமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். புண் மூடியபின் தழும்பு மாதக்கணக்கில் உள்ளே மெல்லத் தணிவதை (scar maturation) தமிழில் எந்தச் சொல்லால் சொல்வது என்றுதானே இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது. இங்கே திருகோணமலை கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் அதுதான் கையில் இருக்கும். ஆகவே பிந்தினாலும் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் "விலங்கு மாதிரி", அதாவது மனிதருக்குப் பதிலாக ஆய்வில் வைத்துப் பார்க்கும் விலங்கு (animal model). சென்னை அண்ணா இதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். "விலங்கு மாதிரியில் தழும்பு" என்று எழுதிக் கொடுத்ததை ஒரு பிள்ளை விலங்கைப் போல என்றே வாசித்தாள், அவளில் பிழை இல்லை. எங்கள் பாடநூல்கள் பழக்கிய "மாதிரியுரு" இருக்கிறதே, விலங்கு மாதிரியுரு என்று போடுவோம். அதை இத்தோடு விடுவோம்.

"தழும்பு மாற்றம்" திருகோணமலையில் சரிவராது. எங்களுக்குக் காயம் மாறுவது என்றால் ஆறிப்போவது. "புண் மாறிட்டுதோ?" என்றுதான் அம்மாமார் கேட்பார்கள். தழும்பு மாறிற்று என்றால் தழும்பே இல்லை என்று அர்த்தமாகிவிடும்.

இனி "முதிர்ச்சி". யாழ்ப்பாணத்து அக்கா சொல்வதுபோல அகராதிப்படி குறையில்லை. ஆனால் நோய் முதிர்ந்துவிட்டது என்றால் நாம் என்ன விளங்கிக்கொள்கிறோம்? முற்றிவிட்டது, கைமீறிவிட்டது என்றுதானே. தழும்பில் நடப்பது நேரெதிர். பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் போன வருடம் வலை இழுக்கும்போது தங்கூசி (நைலோன் நூல்) உள்ளங்கையை அறுத்துவிட்டது. இரண்டாம் மாதம் பார்த்தபோது பயற்றங்காய்போலச் சிவந்து புடைத்து நின்றது, தொட்டால் கடி, அரிப்பு என்றான். இப்போது வெளிறிய ஒரு கோடு, விரலை முழுக்க விரிக்கிறான். உள்ளே தோலுக்கு வலுத்தரும் நார்ப்புரதமான கொலாஜனில் மூன்றாம் வகை குறைந்து முதலாம் வகை இடம்பிடிக்கிறது, புதிதாக முளைத்த நுண் இரத்தக்குழாய்கள் ஒடுங்குகின்றன, காயத்தை இழுத்துச் சுருக்கிய உயிரணுக்கள் தாமாகவே இறந்துபோகின்றன. ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் போகும். அப்படியும் தோலின் பழைய வலுவில் ஏறக்குறைய 80 வீதந்தான் திரும்பும்.

விலங்குகளைப் பற்றிய பகுதியில்தான் சொல்லின் தேவை இன்னும் கூடுகிறது. எலியின் தோலுக்கடியில் தசைப்படலம் ஒன்று உண்டு, காயத்தை அது சுருக்கி மூடிவிடும். அதனால் காயம் சுருங்காமல் இருக்க அதைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்து வைக்கிறார்கள். முயற்காதில் குருத்தெலும்பு அந்த வேலையைச் செய்துகொடுக்கும். பன்றித் தோல் எங்கள் தோலுக்குக் கிட்ட வரும், சிவப்பு டூரொக் இனத்தில் தடித்த தழும்பும் வரும். இவற்றிலெல்லாம் மாதக்கணக்காக அளந்து பார்ப்பது புண் மூடியதை அல்ல, மூடியபின் உள்ளே நடப்பதை. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல்லால் மாணவருக்கு என்ன பயன்?

அதனால் நான் சொல்வது "உள்ளாறல்". தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் என்று வள்ளுவர் வைத்த சொல்லிலிருந்தே எடுத்தேன். பரிமேலழகர் அதற்கு மனத்தின்கண் ஆறும் என்றல்லவா உரை சொன்னார், தோலுக்கு எப்படிப் பொருந்தும் என்று அக்கா மறித்தார். நியாயமான மறிப்பு. ஆனாலும் மேல் மூடி உள் ஆறுகிறது என்பதை முதல்முறை கேட்பவனுக்கும் விளக்கச் சொல் தேவைப்படாது. கலைச்சொல்லுக்கு அது பெரிய தகுதி.

மட்டக்களப்பு ஐயா, வடு என்றால் மாம்பிஞ்சு, ஆகவே "வடு கனிதல்" என்று நீங்கள் எழுதிய நீண்ட மடலை இரண்டு முறை வாசித்தேன். அழகு. ஆனால் காயத்தின் வடுவும் மாவடுவும் ஒரே வேர்தானா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க இயலாது. அந்த அகநானூற்றுத் தலைவன் தழும்பன், பிடி (பெண் யானை) மிதித்த வழுதுணைத் தழும்பு, அது எனக்கும் பிடித்துப்போயிற்று. புடைத்த தழும்புக்குக் கத்தரிக்காயை உவமை சொன்னவன் கிட்ட நின்று பார்த்தவனாகத்தான் இருக்கவேண்டும். "வழுதுணைத் தழும்பு" என்பதைத் தடித்த தழும்புக்குத் தனி இழையாகத் தொடங்குங்கள், வருகிறேன். கீலொயிட்டை அதற்குள் சேர்க்க வேண்டாம் ஐயா. அது காயத்தின் எல்லையைத் தாண்டிப் படர்வது, மனிதரில் மட்டும் காண்பது, விலங்கு மாதிரியுருவுக்கு அகப்படாமல் நிற்பதும் அதனால்தான்.

நேற்றிரவு எண்ணிப் பார்த்தேன்: முதிர்ச்சிக்கு ஏழு பேர், உள்ளாறலுக்கு மூன்று, ஐயா தனியாக. சரி, தலைப்பில் "தழும்பு முதிர்ச்சி" என்றே போடுகிறேன், பக்க அடியில் "உள்ளாறல் எனவும் கூறலாம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எடுக்கச் சொல்பவர்கள் வியாழன் இரவு பத்து மணிக்கு முன் காரணத்தோடு எழுதுங்கள். வகுப்பில் நான் உள்ளாறல் என்றுதான் சொல்லப்போகிறேன்.