ஜிட் உருவாக்கும் குறிமுறையின் நினைவக அணுகலைக் காசன் கண்காணிக்குமா?

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். லினக்ஸ் கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் இபிபிஎஃப் வசதியின் ஜிட் கம்பைலர் (நிரலை ஓடும் நேரத்தில் இயந்திரக் குறிமுறையாக மாற்றுவது) உருவாக்கும் குறிமுறை எல்லை மீறி நினைவகத்தைத் தொடுகிறதா என்று சோதித்து வருகிறேன். தவறான நினைவக அணுகலைக் கண்டறியும் கருவியான காசனுடன் கம்பைல் செய்த கெர்னலைக் கியூஇஎம்யூ மெய்நிகர் கணினியில் ஓட்டி, இபிபிஎஃபைச் சோதிக்கும் டெஸ்ட்-பிபிஎஃப் மாட்யூலை ஏற்றினேன். எல்லாச் சோதனைகளும் தேறின, கெர்னல் பதிவான டிமெசேஜில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. இதையே சான்றாகக் கொள்ளலாமா? வடகிழக்குப் பருவமழையில் இங்கே மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கம் என்பதால், முழுக் கெர்னலையும் அடிக்கடி கம்பைல் செய்ய வேண்டாத வழியாக இருந்தால் நல்லது.

பதில் 1 (குன்னூர்)

கொள்ள முடியாது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் (அந்த இடத்தைத் தொடலாமா என்ற குறிப்பு) வைத்திருக்கும் பொதுவகைக் காசனில், அந்த நிழலைப் பார்க்கும் கட்டளைகளைச் சேர்ப்பது ஜிசிசி அல்லது கிளாங். ஜிட்டின் குறிமுறையோ கெர்னல் ஓடும்போது பிறப்பது. அந்தக் கம்பைலர்களின் கை அதில் படுவதே இல்லை. ஆகவே அங்கு நிகழும் தவறான அணுகலைக் காசன் காணாது. டெஸ்ட்-பிபிஎஃப் சரிபார்ப்பது விடைகளை. நிரலை ஏற்கும் முன் அது பாதுகாப்பானதா என ஆராயும் வெரிஃபையர் வழியாகவும் அதன் நிரல்கள் வருவதில்லை. பிபிஎஃப்-ஜிட்-எனேபிள் அமைப்பை 0 ஆக்கி, ஜிட் இல்லாமல் நிரலைக் கட்டளை கட்டளையாக ஓட்டும் இன்டர்பிரிட்டரில் ஓட்டிப் பாருங்கள். அது சி மொழியில் உள்ளதால் காசனுக்குத் தெரியும்.

பதில் 2 (கொடைக்கானல்)

குன்னூர் நண்பர் சொன்ன காரணம் சரி, வழி போதாது. இன்டர்பிரிட்டரில் பிடிபடுவது பெரும்பாலும் வெரிஃபையரின் பிழை. கிளைத் தாவல்களின் தூரத்தை ஜிட் தவறாகக் கணித்த சிவிஇ-2021-29154 என்ற பாதுகாப்புக் குறைபாடு போன்றது அங்கே தலைகாட்டவே காட்டாது. தவிர, ஜிட்-ஆல்வேஸ்-ஆன் தேர்வுடன் கட்டிய கெர்னலில் இன்டர்பிரிட்டரே கிடையாது; கேஃபங்ஷனை (இபிபிஎஃப் நிரல் அழைக்கக்கூடிய கெர்னல் செயற்கூறு) அழைக்கும் நிரலுக்கும் ஜிட் கட்டாயம்.

ஜிட்டையே மாற்றி, ஒவ்வொரு அணுகலுக்கும் முன்பு காசனின் சோதனைச் செயற்கூற்றை அழைக்கச் செய்வதே நேர்வழி. எக்ஸ்86-64 செயலியில் இபிபிஎஃபின் ஆர்1 ரெஜிஸ்டர் அமர்வது செயலியின் ஆர்டிஐ ரெஜிஸ்டரில். சோதனைச் செயற்கூறும் முகவரியை அதே ஆர்டிஐயில்தான் எதிர்பார்க்கும். அதையும், அழைப்பில் அழியக்கூடிய மற்ற ரெஜிஸ்டர்களையும் காப்பாற்றி மீட்காவிட்டால், பிழை தேடப் போய்ப் பிழையை நட்டுவிட்டு வருவீர்கள். தவறினாலும் விதிவிலக்கு அட்டவணை தாங்கிக்கொள்ளும் புரோப்-மெம் வகைப் படிப்புகளை விட்டுவிடுங்கள். அங்கே செல்லாத முகவரி வருவது அனுமதிக்கப்பட்டதே. நிரலின் அடுக்கைச் (ஸ்டாக்) சுட்டும் ஆர்10 வழி நடக்கும் அணுகலையும் விடலாம். அந்த 512 பைட் அடுக்கைச் சுற்றி, தொடக் கூடாது எனக் காசன் குறித்துவைக்கும் 'நச்சிட்ட' வேலி இல்லாததால் சோதித்துப் பயனில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி. தவறான அணுகல் உள்ள நிரலை வெரிஃபையர் ஏற்காதே. சோதனை வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

பதில் 3 (கொடைக்கானல்)

வெரிஃபையர் கேஃபங்ஷனின் வாக்கை நம்பும். சோதனை மாட்யூலில், கேமாலாக் செயற்கூறால் ஒதுக்கிய நினைவகத் துண்டை உடனே விடுவித்துவிட்டு, அளவு அறிவித்த நினைவகம் என அதன் முகவரியைத் திருப்பித் தரும் கேஃபங்ஷனை எழுதுங்கள். நிரல் அதைப் படித்ததும் 'விடுவித்தபின் பயன்பாடு' என்ற காசன் அறிக்கை வர வேண்டும். வராதவரை மற்ற சோதனைகளின் மௌனத்துக்கு மதிப்பில்லை. காசன் இயல்பாக முதல் தவறை மட்டுமே அறிவிக்கும் என்பதால், காசன்-மல்டி-ஷாட் அளவுருவுடன் பூட் செய்யுங்கள். மின்வெட்டைப் பொறுத்தவரை, மாற்றம் ஜிட் கோப்பிலும் மாட்யூலிலும் மட்டும் என்பதால் மேக் அவற்றையே மீண்டும் கம்பைல் செய்து இணைக்கும். பில்ட் அடைவை அழிக்காமல் வைத்திருங்கள், போதும்.