பழைய புகார், 3 வருடக் கெடு: விவரம் தெரிந்த வக்கீல்கள் உதவுங்கள்

வணக்கம். திருச்சிப் பக்கம் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல்கள் குழுவில் இருந்தால் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

என் சித்தி மகளிடம் 2006இல், அவளுக்குப் பத்து வயதில், டியூஷன் வாத்தியார் ஒருவர் தவறாக நடந்துகொண்டார். இப்போதுதான் புகார் கொடுக்கத் துணிந்திருக்கிறாள். அந்த ஆள் இன்னும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாராம். அதுதான் அவளை அரிக்கிறது. “இத்தனை வருஷம் என்ன செய்தாள்?” என்று கேட்கப்போகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012 நவம்பரில்தான் வந்தது, அதற்கு முன் நடந்ததற்குப் பொருந்தாது. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிப்பதற்கான அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 354ஆம் பிரிவுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. அப்படிப்பட்ட குற்றத்துக்கு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468ஆம் பிரிவு வழக்குத் தொடர வைத்த கெடு 3 ஆண்டு. அதாவது பதின்மூன்று வயதுக்குள் அவளே கோர்ட் ஏறியிருக்க வேண்டுமாம்! 2013 திருத்தம் தண்டனையை 5 ஆண்டு வரை உயர்த்தியதில் அந்தக் கெடு போனது. ஆனால் பழைய சம்பவத்துக்கு அது உதவாது.

சரி, நீதியின் நலன் கருதித் தாமதத்தை மன்னிக்க அதே சட்டத்தில் 473ஆம் பிரிவு இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் இப்போது அது 519. இதன்கீழ் மனு போட்டு ஜெயித்தவர்கள் உண்டா? சிறுவயது என்ற காரணமே போதுமா, கவுன்சிலிங் சான்றும் கேட்பார்களா? பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்போதே பென்சிலில் நாலு வரி எழுதி வைத்திருக்கிறாள். அது சாட்சியாக எடுபடுமா?

அப்புறம், பதினெட்டு வயதுக்குப் பிறகே கெடு ஓடத் தொடங்கட்டும் என்று எம்.பி.க்களுக்கு யாராவது மனு எழுதியிருந்தால் நகல் அனுப்புங்கள். பெயர், ஊர் எதையும் கமெண்டில் கேட்க வேண்டாம், இன்பாக்ஸுக்கு வாருங்கள்.